எழுபது கிலோ வாளும் சுருள்வாளும்: கற்பனை ஆயுதங்களை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையில் பகடை உருட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துகிறவருக்கு இந்தக் கோரிக்கை என்றாவது ஒரு நாள் வந்தே தீரும்: "என் வீரனுக்கு இரண்டு முனையிலும் அலகு வைத்த வாள் வேண்டும்." அடுத்தவர் ஆள் உயர வாள் கேட்பார். மூன்றாமவர், துப்பாக்கியும் கத்தியும் ஒட்டிப் பிறந்ததுபோன்ற ஒன்றைப் படமாகவே வரைந்து கொண்டுவருவார். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்கள் இதற்கு இரண்டில் ஒரு பதிலைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஒன்று, நடைமுறைக்கு ஒத்துவராது என்று தள்ளுவது. மற்றது, மாய உலகம்தானே என்று அப்படியே ஒப்புக்கொள்வது. இரண்டுமே சோம்பல்தான். ஆயுதம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் தவறில்லை. அதைச் சுமப்பவன் அதற்கு விலை கொடுக்கிறானா என்பதுதான் கேள்வி. விலையை எப்படிக் கண்டுபிடிப்பது, அதை எப்படிப் பகடையில் இறக்குவது என்பதே கீழே வருகிறது.

என் கதைக்களம் பதினெட்டாம் நூற்றாண்டு வேணாட்டின் (பின்னாளில் திருவிதாங்கூர்) மாய வடிவம். ஆரல்வாய்மொழிக் கணவாய் தொடங்கி குளச்சல் கரை வரை, நடுவில் வேளிமலை. அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணிலிருந்தே வரும். கணக்குகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை ஒட்டியவை: தாக்குதலுக்கு இருபது பக்கப் பகடை, ஒரு சுற்று என்பது 6 விநாடி, ஒரு கட்டம் என்பது 5 அடி. வேறு விதிநூலில் ஆடுபவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: எந்த விதியை உடைக்கிறது என்று கேளுங்கள்

நடக்காத ஆயுதங்கள் எல்லாம் ஒரே வகையில் நடக்காதவை அல்ல. சில, எடையால் நடக்காதவை. சில, வடிவத்தால்: பிடிக்க இடமில்லை, வீசினால் தன்னையே வெட்டும். சில, பொருளால்: கண்ணாடி வாள், பனிக்கட்டி ஈட்டி. சில, இயந்திர நுட்பத்தால்: மடங்கும், சுடும், உருமாறும். ஆட்டக்காரர் கேட்கும் ஆயுதம் இவற்றில் எந்த விதியை உடைக்கிறது என்று முதலில் ஒரு வரியில் எழுதுங்கள்.

ஒரு விதிக்கு மேல் உடைக்க விடாதீர்கள். ஆள் உயர வாள் சரி. ஆள் உயர, இருமுனை, சுடும், நெருப்பு எரியும் வாள் என்றால் அது ஆயுதமல்ல, ஆசைப் பட்டியல்.

படி 2: எடையைக் கணக்குப் போடுங்கள்

1997இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 7 விளையாட்டின் நாயகன் முதுகில் சுமக்கும் வாளைப் பார்த்த பிறகு, பலருக்கும் அகலமான வாள் என்றால் ஒரு மயக்கம். அதுபோன்ற ஒன்றை அளந்து பார்ப்போம். நீளம் 150 செ.மீ., அகலம் 30 செ.மீ., தடிமன் 2 செ.மீ. கன அளவு 9,000 கன செ.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 7.85 கிராம். பெருக்கினால் கிட்டத்தட்ட 70 கிலோ. முனையைச் சீவி, விளிம்பை மெலிதாக்கி, பாதி எடையைக் குறைத்தாலும் 35 கிலோ மிஞ்சும். ஐரோப்பாவில் போருக்கு உண்மையாகவே பயன்பட்ட பெரிய இருகை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கியவை. அதற்கு மேல் கனத்தவை ஊர்வலத்தில் தூக்கிச் செல்லச் செய்யப்பட்டவை.

இங்கே குமரி மாவட்டத்து ஆட்டக்காரர் ஒருவர் உடனே கை தூக்குவார்: "மணவாளக்குறிச்சிக் கருமணலில் செய்தால்?" நல்ல கேள்வி. அந்த மணலில் இல்மனைட் இருக்கிறது. அதிலிருந்து டைட்டானியம் எடுக்கலாம். டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம்தான். அப்படியும் நம் வாள் 40 கிலோவுக்கு இறங்குமே தவிர, கைக்கு அடங்காது. போதாக்குறைக்கு, நன்றாகப் பதமேற்றிய எஃகைப்போல டைட்டானியம் கூர்மையைத் தாங்கி நிற்காது. அதே மணலில் இருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சு உள்ளது. ‘கருமணல் வாள்’ ஏந்துபவன் மாதங்கள் செல்லச் செல்ல மெலிகிறான் என்று கதை கட்டினால், மாயத்துக்கும் மண்ணுக்கும் ஒரு முடிச்சு விழும். அறிவியல்படி அவ்வளவு மோனசைட் வாளில் தங்காது. ஆனால் கதைக்கு அந்த அளவு சலுகை தரலாம்.

எடைக்கு வழக்கமாகச் சொல்லும் பரிகாரம், ஏந்துபவனுக்கு மட்டும் வாள் இலேசாக இருக்கும் என்பது. கவனம் வேண்டும். அவனுக்கு இலேசு, எதிரிக்குக் கனம் என்று எழுதிவிட்டால், அடுத்த அமர்விலேயே ஒருவர் அதை மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரத்திலிருந்து யார் தலையிலாவது போடுவார். கையை விட்டதும் எடை திரும்பிவிடுமா, கை மாற்றும்போது என்ன ஆகும், படகில் வைத்தால் படகு தாழுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வையுங்கள்.

எடைக் கணக்கு முடிந்ததும் இடக் கணக்கு. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இந்த ஆயுதத்தோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குள் சண்டையிட முடியுமா? தாழ்ந்த நிலைவாசல், குறுகிய மரப்படிக்கட்டு, கை நீட்டினால் தொட்டுவிடும் உத்தரம். ஆறடி வாளோடு உள்ளே போகிறவன் குத்தலாம், தலைக்கு மேல் ஓங்க முடியாது. ஆட்ட விதியில்: தாழ்வான இடத்தில் நீண்ட ஆயுதத்துக்குப் பாதகம். அதாவது இரண்டு பகடை உருட்டி, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பெருவாளோடு அலைகிறவன் இடுப்பில் ஒரு குறுவாளும் செருகிக்கொள்ளத் தொடங்கினால் உங்கள் விதி வேலை செய்கிறது என்று பொருள்.

படி 3: கம்பை எடுத்து வீசிப் பாருங்கள்

வடிவத்தால் நடக்காத ஆயுதங்களைக் காகிதத்தில் தீர்க்க முடியாது. செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டியோ, ஒரு மெல்லிய கம்பை வைத்தோ, மொட்டைமாடியில் வீசிப் பாருங்கள். உண்மையான அலகோடு இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இருமுனை வாள், ஓர்க் என்ற அரக்க இனத்தின் இரட்டைக் கோடரி, இருமுனைச் சங்கிலிக் குண்டு என்று ஒரு கூட்டமே விதிநூலில் இடம்பெற்றது. ஒரே ஆயுதத்தால் இரண்டு ஆயுதம் ஏந்தியவனைப்போலச் சண்டையிடலாம் என்பது அவற்றின் சலுகை. இதை மேசையில் ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம்: "நம் ஊர் நெடுங்கம்புக்கும் இரண்டு முனைதானே?"

தென்குமரித் தற்காப்புக் கலையான அடிமுறையின் களரியில் சில மாதம் நின்றவர்களுக்கு விடை தெரியும். நெடுங்கம்பின் திறமையே அதை எங்கும் பிடிக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. கை கம்பின் மேல் ஓடும். கக்கத்தில் இடுக்கலாம், முதுகில் படியவிட்டுத் திருப்பலாம், கடைசிக் கணத்தில் ஒரு முனைக்குக் கையை இறக்கி எதிரியை எட்டித் தொடலாம். கம்பு உடம்பில் பட்டால் ஒன்றும் ஆகாது என்பதால்தான் இத்தனையும் முடிகிறது. இரண்டு பக்கமும் அலகு வைத்துவிட்டால் பிடிக்க நடுவில் ஒரு சாண் மட்டுமே மிஞ்சும். கை ஓடாது, எட்டும் தூரம் பாதியாகும். முன்முனையால் வெட்டும்போதெல்லாம் பின்முனை சொந்த விலாவைத் தேடி வரும்.

ஆகவே இருமுனை வாளை மறுக்காமல் இப்படி விலை வையுங்கள். இரண்டாம் முனையால் கூடுதல் தாக்குதல் உண்டு. ஆனால் நடைபாதையில் தோழனோடு தோள் உரசி நின்றால் அந்தத் தாக்குதல் கிடையாது, உறையிலிட முடியாது, குதிரை மேல் பயன்படாது. ஊர்க்காவலர் எவரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள்.

முட்சங்கிலியும் மூன்றாம் பதிப்பின் பிள்ளைதான். 10 அடிக்கும் எட்டும், அருகில் நிற்பவனையும் அடிக்கும், காலை வாரும், ஆயுதத்தைப் பிடுங்கும். எங்கே பிடிப்பது என்பதற்கு மட்டும் படத்தில் விடை இல்லை. வலிமையைத் தேடும் ஆட்டக்காரர்கள் அதையே தேர்ந்தெடுத்ததில் வியப்பென்ன? எல்லா நன்மையும் உண்டு, தனிப் பயிற்சியைத் தவிர வேறு விலை இல்லை. போதிய விலை வைக்காத ஆயுதத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படி 4: சுருள்வாளிடம் கற்றுக்கொள்ளுங்கள்

விசித்திர ஆயுதம் எதுவும் உண்மையில் இருந்ததில்லை என்று வாதிடுபவர்களுக்கு முன்னால் சுருள்வாளை வையுங்கள். இடுப்பில் கச்சைபோலச் சுற்றிக்கொள்ளும் எஃகு வாள். விரித்தால் ஆள் நீளம் வரை வரும். கேடயத்தின் மேல் பட்டால் வளைந்து அதன் பின்னால் இருக்கும் கையைத் தொடும். இதை யாராவது புதிதாக வரைந்து கொண்டுவந்திருந்தால், ‘தம்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்’ என்றே சொல்லியிருப்போம்.

ஆனால் இதன் விலையைப் பாருங்கள். குத்த முடியாது. வெட்டைத் தடுக்க முடியாது. சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அது தொங்கும் தகடு. வீசும் வட்டத்துக்குள் நண்பன் பகைவன் பேதம் கிடையாது. கவனம் ஒரு கணம் தவறினால் வீசுபவனுக்கே காயம். அதனால்தான் கம்பும் கத்தியும் கை வந்த பிறகு, கடைசியாகவே ஆசான்கள் இதைக் கையில் கொடுக்கிறார்கள்.

இனி விதியாக்குவோம்:

சேதம்: எட்டுப் பக்கப் பகடை ஒன்று. எட்டும் தூரம் 10 அடி. கேடயம் தரும் 2 புள்ளிக் காப்பு இதற்கு எதிராகச் செல்லாது. முதல் சுற்று சுழலத் தொடங்குவதற்கே போய்விடும், தாக்குதல் இல்லை. அடுத்த சுற்றிலிருந்து 10 அடிக்குள் நிற்கும் ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாக ஒரு தாக்குதல், தோழர்கள் உட்பட. நிறுத்த ஒரு சுற்று முழுதும் வேண்டும். சுற்றிலும் 10 அடி வெளி இல்லாத இடத்தில் பயன்படாது. பயிற்சி இல்லாதவன் எடுத்தால் எல்லாத் தாக்குதலும் பாதகத்தோடு.

பகடையில் 1 விழுந்தால் தன்னையே வெட்டிக்கொள்வான் என்ற விதியை எல்லோரும் உடனே சேர்க்க நினைப்பார்கள். சேர்ப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். சுற்றுக்கு மூன்று பேரைத் தாக்குகிறான், சண்டை ஐந்து சுற்று நடக்கிறது என்றால் பதினைந்து முறை பகடை உருள்கிறது. அதில் ஒரு முறையாவது 1 விழ வாய்ப்பு சுமார் 54 விழுக்காடு. இரண்டு சண்டைக்கு ஒரு முறை ஆசானே தன்னை வெட்டிக்கொண்டால் அவர் என்ன ஆசான்? இன்னும் மோசம், வீரனின் நிலை உயர உயரத் தாக்குதல்கள் கூடும், விபத்தும் கூடும். திறமை வளர்ந்தவனைத் தண்டிக்கும் விதி இது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் பகடைக்கு மட்டும் இந்த விபத்து என்று வைத்தால், அதே ஐந்து சுற்றுச் சண்டையில் வாய்ப்பு சுமார் 23 விழுக்காடாக இறங்கும். பயிற்சி முற்றியவனுக்கு அதையும் நீக்கிவிடுங்கள். மற்ற விலைகளே அவனுக்குப் போதும்.

மான்கொம்பும் இப்படித்தான். எதிரெதிர்த் திசையில் கட்டிய இரண்டு கொம்புகள், நடுவில் பிடி. காகிதத்தில் இருமுனை வாளின் தங்கை. ஆனால் குட்டையானது, குத்துவதற்கும் தடுப்பதற்கும் மட்டுமே ஆனது, கொம்பின் பக்கவாட்டில் வெட்டு அலகு இல்லை. எனவே பின்முனை சொந்த உடம்பில் உரசினாலும் கவலையில்லை. இருமுனைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆட்டக்காரருக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 5: இயந்திரம் என்றால் மழையைக் கேளுங்கள்

துப்பாக்கி வாளைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 1999இன் ஃபைனல் ஃபேண்டசி 8 ஆடியவர்கள். உண்மையில் பதினாறாம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவில் கைத்துப்பாக்கி பொருத்திய வாள்கள் செய்யப்பட்டிருக்கின்றன. பெரிதாகப் பரவவில்லை. வாளாகப் பயன்படுத்தினால் அதிர்ச்சியில் துப்பாக்கியின் பொறி கெடும். துப்பாக்கியாகப் பயன்படுத்த வாளின் எடை குறுக்கே நிற்கும்.

நம் களத்தில் இதற்குப் பிறப்பிடம் தயாராக இருக்கிறது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அந்தப் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி தந்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் ஆலை இருந்தது. அவருடைய கல்லறை இன்றும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆலையில் ஒரு கிறுக்குக் கருமான் துப்பாக்கி வாள் செய்தான் என்றால் யார் நம்பமாட்டார்கள்?

விலை: அக்காலத் துப்பாக்கியை நன்கு பழகிய வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். அதாவது ஒரு குண்டுக்கு மூன்று சுற்றுக்கு மேல். ஆகவே சண்டைக்கு ஒரு குண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் ஆறு பக்கப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மருந்து நனைந்துவிட்டது. முட்டம் போன்ற கடலோரத்தில் ஒரு வாரம் தங்கினால் எண்ணெய் போடாத பொறியில் துரு ஏறும்.

குளச்சல் போரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதையும் உண்டு: பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினார்கள், மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்கள் என்று. சுடாத பீரங்கிதான் எனக்குத் தெரிந்த கற்பனை ஆயுதங்களில் மிகச் சிறந்தது. சேதம் சுழியம். 300 அடிக்கு அப்பால் இருந்து பார்க்கும் எதிரி மனவுறுதிச் சோதனையில் (அதற்கான பகடை உருட்டலில்) தோற்றால் முன்னேறமாட்டான். 100 அடிக்குள் வந்துவிட்டால் குட்டு உடையும்.

படி 6: மாயம் என்றால் யாருக்குக் கடன்?

மாய ஆயுதத்தை ‘கூடுதல் 2 புள்ளி’ என்று மட்டும் எழுதுவது அதை மளிகைச் சாமான் ஆக்குவது. சுடலைமாடன் கையிலுள்ள வல்லயம் என்ற ஈட்டி யாரிடமும் விலைக்கு வாங்கியது அல்ல. இந்த மண்ணின் தெய்வங்கள் கொடுத்தால் கேட்கும். ஆண்டுக்கு ஒரு கொடை, ஒரு படையல், ஒரு வாக்கு. இதையே விதியாக்கலாம். தெய்வ வல்லயம் ஆவிகளுக்கு இரு மடங்குச் சேதம் தரும். கொடை தவறிய ஆண்டில் அது வெறும் ஈட்டி. வாக்கு மீறினால் எதிரியின் அடுத்த தாக்குதல் சாதகத்தோடு வரும், அதாவது இரண்டு பகடையில் பெரிய எண்ணை அவன் எடுத்துக்கொள்வான்.

இங்கே ஒரு பணிவான எச்சரிக்கை. வழிபாட்டில் இருக்கும் கோயிலின் பெயரையும் அங்குள்ள தெய்வத்தையும் அப்படியே எடுத்து அரக்கனாக்கி அடிக்க விடாதீர்கள். மேசையில் இருக்கும் யாராவது ஒருவரின் குலதெய்வம் அது. கற்பனையாக ஒரு மாடனைப் படைத்துக்கொள்வது கடினமல்ல.

படி 7: ஊர்க் கருவிகளிலிருந்து தொடங்குங்கள்

வெளியூர் விதிநூல்களில் தேடுவதைவிட, வீட்டுப் பின்கட்டில் தேடினால் நல்ல சரக்கு கிடைக்கும். மூன்றை முழுமையாகத் தருகிறேன்.

பனையேறியின் பாளை அரிவாள்: மெல்லிய, மிகக் கூரிய அலகு, இடுப்பில் அரிவாள்பெட்டியில் இருக்கும். சண்டையின் முதல் வெட்டுக்கு ஆறு பக்கப் பகடை இரண்டு, பிறகு ஒன்று. கவசத்திலோ எலும்பிலோ பட்ட ஒவ்வொரு முறையும் சேதத்தில் ஒன்று குறையும். இரவில் தீட்டினால் மீளும். ஏந்துபவனுக்கு மரம், சுவர், பாறை ஏறும் சோதனைகளில் சாதகம்.

கடலோர மண்டா: பெரிய மீனை எறிந்து குத்தும் ஈட்டி, வால்பக்கம் கயிறு. தைத்தால் இரை உங்களோடு கட்டுண்டது, நீங்களும் இரையோடு கட்டுண்டீர்கள். ஒவ்வொரு சுற்றும் இருவரும் வலிமைச் சோதனை உருட்ட வேண்டும். கடல் அரக்கன் வென்றால் கட்டுமரம் 20 அடி ஆழ்கடல் பக்கம் நகரும். கயிற்றை வெட்டலாம், ஆனால் மண்டா போய்விடும். இதைவிடப் பரபரப்பான ஆயுதத்தை நான் இதுவரை மேசையில் பார்த்ததில்லை.

வில்லுப்பாட்டு வில்: மணிகள் கட்டிய நீண்ட வில், குடத்தின் மேல் கிடத்தி வீசுகோலால் அடிப்பது. பாணர் வகைக் கதாபாத்திரத்துக்கு உரியது. அம்பு எய்யாது. ஆனால் இறந்தவனின் கதையை முழுதாகப் பாடினால் அவன் ஆவி வந்து நிற்கும். பாடி முடிக்கப் பத்துச் சுற்று ஆகும், அதுவரை பாணர் எழுந்திருக்கக் கூடாது, குடம் உடையக் கூடாது. பழிவாங்கும் பேயாகக் கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலி போன்ற ஒருத்தியை அழைத்துவிட்டு, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை உங்களிடமே விடுகிறேன். மற்ற எல்லோரும் பத்துச் சுற்று ஒரு மண்குடத்தைக் காப்பாற்றும் சண்டையை ஒரு முறை நடத்திப் பாருங்கள்.

படி 8: ஒத்திகை, திருத்தம், திரும்பப் பெறுதல்

புதிய ஆயுதத்தைக் கதைக்குள் விடுமுன் மூன்று இடங்களில் ஒத்திகைச் சண்டை நடத்துங்கள்: ஆரல்வாய்மொழிபோன்ற காற்று வீசும் திறந்தவெளி, அரண்மனைபோன்ற குறுகிய உள்ளிடம், நனைந்த படகு. மூன்றிலும் அதுவே சிறந்த ஆயுதம் என்றால் விலை போதவில்லை. மூன்றிலும் பயன்படவில்லை என்றால் ஆட்டக்காரரை ஏமாற்றியிருக்கிறீர்கள். ஓரிடத்தில் மின்னி, ஓரிடத்தில் ஒப்பேறி, ஓரிடத்தில் சுமையானால் சரி.

அப்படியும் ஆட்டத்தைக் கெடுக்கும் ஆயுதம் ஒன்று நுழைந்துவிட்டால், இரவோடு இரவாகத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்று கதை விடாதீர்கள். ஆட்டக்காரருக்கு உங்கள் கை தெரிந்துவிடும். மரியாதையான வழி ஒன்று இருக்கிறது. 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தபோது உடைவாளையும் இறைவன் முன் சமர்ப்பித்தார். இன்றும் நவராத்திரிக்காக விக்கிரகங்கள் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கிறது. உங்கள் வீரனும் ஒரு பெரிய வெற்றிக்குப் பின் தன் வாளை அவ்வாறு ஒப்படைக்கட்டும். பதிலுக்கு அவனுக்கு ஒரு பட்டமும், அரசவையில் பேசும் உரிமையும், சமூகச் சோதனைகளில் நிரந்தரச் சாதகமும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், ஊர்வலம் புறப்படும் அன்று மட்டும், வாள் அவன் கைக்கு வரும். பழைய சேதம் முழுதாகச் செல்லும். பகைவர்கள் எந்த நாளில் தாக்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எந்த நாளில் தாக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும். அடுத்த ஆறு அமர்வுக்கான கதை அதிலேயே கிடைத்துவிடும்.